பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள்

கேரள-தமிழ்நாடு எல்லையிலுள்ள வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்குச் சற்று முன்னால், சாலையோரப் புளியமரத்தடியில் எங்கள் கார் நின்றுபோனது. 2019 ஜூன் மாதம். முதல் நாள் இரவு நல்ல மழை. பின் இருக்கையில் அம்மா, மடியில் மருத்துவமனைக் கோப்புடன் உட்கார்ந்திருந்தார். கண் அறுவைச் சிகிச்சைக்காகக் கோயம்புத்தூருக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். சாவியைத் திருகினால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் எல்லா விளக்குகளும் ஒன்றாக எரிந்தன, ஒன்றாக அணைந்தன. எஞ்சினில் சத்தமே இல்லை. கடைசியில் அம்மாவை ஓர் ஆட்டோவில் ஏற்றி என் கணவரோடு அனுப்பிவிட்டு, நான் வண்டியோடு நின்றேன்.

எங்கள் வீட்டு டிராக்டருக்கு வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் கொழிஞ்சாம்பாறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். பேனட்டைத் திறப்பார் என்று நினைத்தேன். அவரோ ஓட்டுநர் இருக்கையின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். நாம் மாட்டிக்கொள்ளும் அளவோடு நிறுத்தவில்லை. இனி வராது என்று அது முரண்டு பிடிக்கும்வரை இழுத்தார். முதல் இரண்டு முழம் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. அதற்குப் பின் ஒரு சாண் நீளத்துக்கு நிறம் மாறி, துணி விறைத்து, காய்ந்த சேற்றின் கோடு ஒன்று குறுக்கே ஓடியது. நகத்தால் சுரண்டினார். செம்பழுப்புப் பொடி என் கையில் உதிர்ந்தது. அதில் ஆற்றுச் சேற்றின் வாசனை இருந்தது.

"டீச்சர், இது தண்ணீரில் நின்ற வண்டி" என்றார். "கழுத்தளவு நின்றிருக்கிறது."

ஆறு மாதமாக அந்த பெல்ட்டை நான் தினமும் மாட்டியிருக்கிறேன். ஒரு முறைகூடக் கடைசிவரை இழுத்துப் பார்த்ததில்லை.

அந்த வண்டியை 2019 ஜனவரியில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பழைய கார் கடையில் வாங்கினோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் ஊர் கேரளத்தில் இருக்கிறது. பேச்சு, பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் தமிழ். நல்லது பொல்லாததற்குப் பொள்ளாச்சிக்குத்தான் போவோம். வண்டி வாங்கவும் அங்கேதான் போனோம். கடைக்காரர் எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும், "உங்களுக்கென்றே ஒரு வண்டி இருக்கிறது அக்கா, கேரளப் பதிவு. வேறு மாநில வண்டியை எடுத்தால் அங்கே போய் மறுபடியும் வரி கட்ட வேண்டும், இதற்கு அந்தத் தொல்லையே இல்லை" என்றார். 2016-ஆம் ஆண்டுச் சிறிய பெட்ரோல் கார், வெள்ளை நிறம், உள்ளே புது இருக்கை உறை, புது மிதியடி, மல்லிகை வாசனை. விலை 3,10,000 ரூபாய். மாலைக்குள் இன்னொருவர் வருவதாகச் சொன்னார். நாங்கள் பத்தாயிரம் முன்பணம் கொடுத்தோம். மூன்று நாளில் முழுப் பணமும் கொடுத்துவிட்டோம்.

பதிவெண் கே.எல். 41 என்று தொடங்கியது. அது ஆலுவா. 2018 ஆகஸ்டில் பெரியாறு கரை புரண்டு, பக்கத்திலிருக்கும் நெடும்பாசேரி விமான நிலையத்தையே இரண்டு வாரம் மூட வைத்த அதே ஆலுவா. அந்த ஆகஸ்டில் எங்கள் பள்ளியிலிருந்து அரிசியும் போர்வையும் மூட்டை கட்டி அனுப்பியவளே நான்தான். அப்படியிருந்தும், ஆலுவாவில் பதிவான ஒரு வண்டி வெள்ளம் வடிந்த ஐந்தாம் மாதம் தன் மாநிலத்தை விட்டு, எல்லை தாண்டி, பொள்ளாச்சிக் கடையில் ஏன் நிற்கிறது என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. வரி மிச்சம் என்ற ஒரே சொல் என் கண்ணைக் கட்டிவிட்டது. இன்று யார் பழைய வண்டி வாங்கப் போனாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பதிவெண் எந்த ஊருடையது, அந்த ஊரில் அண்மையில் என்ன நடந்தது, வண்டி ஏன் அங்கே விற்கப்படவில்லை என்று கேளுங்கள்.

பழுதைவிட என்னை அதிகம் உலுக்கியது ஆர்.சி. புத்தகம். "படிவம் 29, 30 இரண்டிலும் பழைய உரிமையாளர் கையெழுத்து இருக்கிறது, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் பெயர் மாற்றிக்கொள்ளலாம்" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நாங்களும் பள்ளி விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். வண்டி நின்ற வாரத்தில், ஆர்.சி.யிலிருந்த முகவரிக்கு எனக்குத் தெரிந்த மலையாளத்தில் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பத்து நாள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். ஓய்வு பெற்றவர், வயதானவர். சிறிது நேரம் அவரால் பேசவே முடியவில்லை. வெள்ளத்தில் வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் போயிருக்கிறது. காரைக் காப்பீட்டு நிறுவனம் முழுச் சேதம் என்று தீர்த்துப் பணம் கொடுத்து எடுத்துப் போய்விட்டதாம். இழுவை வண்டியில் ஏற்றும்போது வாசலில் நின்று பார்த்ததோடு அது முடிந்தது என்று நினைத்திருக்கிறார். அதே கார் அவர் பெயரிலேயே ஆறு மாதமாகப் பாலக்காட்டுக்கும் கோவைக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

அந்த ஆறு மாதத்தில் நான் யார்மீதாவது மோதியிருந்தால்? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ சட்டத்தின் கண்ணில் அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே. அந்த வழக்கில் வண்டி ஒருவரிடமிருந்து ஒருவராகப் பலரிடம் போயிருந்தது. ஆனாலும் பதிவேட்டில் இருந்த முதல் ஆளைத்தான் நீதிமன்றம் பொறுப்பாக்கியது. ஆலுவாவில் வீட்டுச் சேற்றை வழித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரின் தலைமேல் நான் அறியாமலே கத்தியைத் தொங்கவிட்டிருந்தேன். பெயர் மாற்றத்துக்கு வேண்டிய எல்லாவற்றிலும் அவர் புதிதாகக் கையெழுத்திட்டு அனுப்பினார். "அந்த வண்டி என்றைக்கு முடிந்தாலும் எனக்கு ஒரு வரி எழுது மகளே" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

கடைக்காரரிடம் போனோம். பார்த்துத்தானே எடுத்தீர்கள் என்றார். அவர் கொடுத்த ரசீதில் 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு சிறிய முத்திரை குத்தியிருந்ததை அன்றுதான் கவனித்தோம். நுகர்வோர் வழக்குப் போடலாம் என்றால், அன்றிருந்த 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடை இருக்கும் மாவட்டத்தில், அதாவது கோவையில், போட வேண்டும் என்றார்கள். பள்ளிக்கு விடுப்புப் போட்டு அலையத் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன். அது எனக்கு இன்றும் மனத்தாங்கல்தான். எல்லையோரத்தில் இருக்கும் நாம் இப்போது ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்கியவர் தான் குடியிருக்கும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை பொள்ளாச்சியில் இருந்தாலும் நான் பாலக்காட்டில் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

தண்ணீரில் மூழ்கிய கார் கடைக்கு எப்படி வந்து சேர்கிறது? பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால், நிறுவனம் அதை முழுச் சேதமாக எடுத்துக்கொண்டு உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிடும். பிறகு அந்த வண்டி இருக்கிற நிலையிலேயே ஏலத்துக்குப் போகும். உதிரிப் பாகங்களுக்காக எடுப்பவர்களும் உண்டு, கழுவிக் காயவைத்து விற்க எடுப்பவர்களும் உண்டு. வெள்ளம் வந்த ஊரில் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் வண்டி வெகுதூரம் போகிறது. 2018-இல் கேரளத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது என்றால், எதிர்த்திசையிலும் வரும். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் மூழ்கின. அந்தந்த ஊர் எண்ணோடு, அதற்குப் பின் கை மாறிய வண்டி என்றால் இரட்டைக் கவனம் வேண்டும். வெள்ளம் பட்ட கார் முதலில் ஒழுங்காகவே ஓடும், அதுதான் ஆபத்து. ஒயர்களின் இணைப்புக்குள் பச்சை பூத்து, ஒரு மழைநாளில் சட்டென்று உயிர் விடும்.

பெல்ட்டை எல்லாக் கடையிலும் துவைப்பார்கள், ஆனால் உருளைக்குள் சுருண்டிருக்கும் கடைசிப் பகுதியைத் துவைக்க மெனக்கெட மாட்டார்கள். பின்பக்க பெல்ட்டுகளையும் இழுத்துப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அது உட்காரும் குழியில் விரலை ஓட்டுங்கள். அங்கே மணல் நெருடக் கூடாது. முன் இருக்கைக்கு அடியில் குனிந்து, இருக்கை நகரும் தண்டவாளத்தையும் அதன் நட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டிக்குள் மழை படாமல் இருக்கும் இரும்பு சாதாரணமாகத் துருப்பிடிக்காது. மிதியடியின் ஒரு மூலையைத் தூக்கி உள்ளங்கையால் அழுத்தி முகர்ந்து பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடிக்கும் வண்டியில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் கால் மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். ஒளித்து வைத்த வாசனை வெளியே வந்துவிடும்.

அதற்குப் பிறகு ஆறு ஆண்டு கார் இல்லாமலே இருந்தோம். அம்மாவுக்கு மூட்டு வலி முற்றி, பஸ் ஏற முடியாது என்ற நிலை வந்தபோது, 2025 நவம்பரில் மறுபடியும் தேட ஆரம்பித்தோம். அந்த ஆண்டு செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கி, புதிய காரின் விலையே குறைந்திருந்தது. புதிது குறைந்தால் பழையதும் குறைய வேண்டும். ஆனால் சில கடைகளில் ஆகஸ்டு மாத விலையையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே முதலில் புதுக் கார் விற்பனையகத்துக்குப் போய் அன்றைய விலையை எழுதி வாங்கிக்கொண்டோம். அந்தத் தாள் பேரத்தில் பெரிதும் உதவியது.

ஒரு கடையில் விலைக்கு மேல் 18 சதவீதம் வரி தனி என்றார்கள். அந்தக் கணக்கு தவறு. 2024 டிசம்பரில் கூடிய ஜிஎஸ்டி மன்றம் பழைய வண்டிகளுக்கு 18 சதவீதம் என்று முடிவெடுத்தது உண்மை. ஆனால் அது வியாபாரியின் லாபத்துக்கு மட்டுமே. நான்கு லட்சத்துக்கு எடுத்து நாலரை லட்சத்துக்கு விற்றால், ஐம்பதாயிரத்துக்கு வரி ஒன்பதாயிரம். நாலரை லட்சத்துக்கும் போட்டு எண்பத்தோராயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நாங்கள் எழுந்து வந்தோம்.

இன்னொரு கடையில் ஐந்து வயது வண்டி ஒன்று, மீட்டர் 38,000 காட்டியது. மெக்கானிக் அண்ணன் மீட்டரைப் பார்க்கவே இல்லை. பிரேக் மிதியின் ரப்பரைக் காட்டினார். வலது ஓரம் தேய்ந்து வழவழவென்றிருந்தது. ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இரண்டு இடங்களும் எண்ணெய் தடவியதுபோல் மின்னின. நான்கு டயர்களும் புதியவை. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 38,000 கிலோமீட்டரே ஓடிய வண்டிக்கு நான்கு டயரையும் மாற்ற வேண்டிய தேவை என்ன? அந்த கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் பழைய பதிவை எடுத்துத் தரும்படி கேட்டோம். இரண்டு ஆண்டுக்கு முன்பே 61,000 ஓடியிருந்தது. கடைக்காரர், தான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றார். இருக்கலாம். யார் திருப்பியிருந்தாலும் அந்த வண்டி எங்களுக்கு வேண்டாம்.

கடைசியில் பொள்ளாச்சியிலேயே ஒரு கடையில் 2020-ஆம் ஆண்டு வேகன் ஆர் ஒன்று அமைந்தது. டி.என். 41, ஒரே உரிமையாளர், பெட்ரோல். அந்தக் கடைக்கு மூன்று முறை போனோம். முதல் முறை பார்த்துவிட்டு மட்டும் வந்தோம். இரண்டாம் முறை காலை ஏழரை மணிக்குப் போனோம், வண்டியை யாரும் கிளப்பி வைக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டு. பேனட்டில் உள்ளங்கையை வைத்தேன், சில்லென்று இருந்தது. சூடான எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். குளிர்ந்த எஞ்சின் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது, கறுப்பு என்றால் பெட்ரோல் முழுதாக எரியவில்லை. வெள்ளை முதலில் கொஞ்சம் வரும், குளிர்காலை நீராவி அது. எஞ்சின் சூடான பிறகும் நிற்காவிட்டால் குளிர்விக்கும் நீர் உள்ளே இறங்குகிறது என்று பொருள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் உட்பக்கம் பார்த்தோம். பால் திரிந்ததுபோல் வெண்மையாக எதுவும் ஒட்டியிருக்கவில்லை. எஞ்சின்மேல் புழுதி படிந்திருந்தது. எனக்கு அதுவே நம்பிக்கை தந்தது. கழுவி மினுக்கிய எஞ்சினில் எண்ணெய்க் கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

மெக்கானிக் அண்ணன் ஒரு சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். கதவு, மட்கார்டு, தூண் என்று ஒவ்வொன்றிலும் ஒட்டிப் பார்த்தார். அடியில் பட்டி பூசி அடைத்திருந்தால் காந்தம் வழுக்கி விழும். இடது பின்கதவில் ஓர் உள்ளங்கை அளவில் வழுக்கியது. கடைக்காரரே முன்வந்து, கேட்டில் உரசியது, டிங்கரிங் செய்திருக்கிறோம் என்றார். பேனட்டுக்குக் கீழே முன்பக்க ஏப்ரன் தகடும், கூரையைத் தாங்கும் தூண்களும், கதவுக் கீல்களின் போல்ட்டுகளும் கம்பெனி நிலையிலேயே இருந்தன. உரசல் எல்லா வண்டியிலும் இருக்கும். எலும்பு முறிந்து ஒட்டிய வண்டியைத்தான் தவிர்க்க வேண்டும். பிறகு கோபாலபுரம் சாலையில் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டினோம். ஏசி போட்டு, போடாமல், வேகத்தடையில், பின்னோக்கி மேட்டில் ஏற்றி. கடைப் பையன் வழியெல்லாம் பாட்டை ஒலிக்கவிட முயன்றுகொண்டிருந்தான், அணைக்கச் சொன்னேன். சஸ்பென்ஷன் சத்தத்தை அமைதியில்தான் கேட்க முடியும்.

மூன்றாம் முறை போனது காகிதத்துக்காக. 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு ஆர்.டி. அலுவலகத்தின், அதாவது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின், அங்கீகாரச் சான்று என்ற ஒன்று வந்திருக்கிறது. உரிமையாளர் வண்டியைக் கடையில் ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நாளிலிருந்து வண்டிக்கு வியாபாரி பொறுப்பு. வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தேவைப்படும் தடையில்லாச் சான்றுக்கு அவரே விண்ணப்பிக்கலாம். ஆலுவாப் பெரியவருக்கு நேர்ந்தது இனி யாருக்கும் நேரக் கூடாது என்றால் இந்த ஏற்பாடு எல்லாக் கடைக்கும் வந்தாக வேண்டும். நான் கேட்ட முதல் கடையில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்றார்கள். இந்தக் கடையில் அந்தச் சான்றைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரிலேயே மாட்டியிருந்தார்கள். விலையில் பத்தாயிரம் கூட என்றாலும் அங்கேயே வாங்குவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், வண்டிமேல் கடன் இருக்கிறதா, காப்பீடு எதுவரை என்பதெல்லாம் வந்துவிடும். அபராத பாக்கியைத் தனியாகப் பார்க்க வேண்டும். எல்லை தாண்டி ஓடும் வண்டிகளுக்கு இரண்டு மாநிலத்து அபராதமும் இருக்கும். 2023 ஜூன் முதல் கேரளச் சாலைகளில் 726 கேமராக்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன; தமிழ்நாட்டு எண் என்று அவை விட்டுவிடுவதில்லை. எங்கள் வண்டிக்குப் பாலக்காட்டில் பெல்ட் போடாத அபராதம் ஒன்று கிடந்தது. கடைக்காரர் அங்கேயே கட்டி ரசீதைக் கொடுத்தார்.

வண்டி எல்லையைத் தாண்டப் பத்து நிமிடம் போதும். காகிதம் தாண்ட எத்தனை நாள் ஆகும் என்பதை வைத்துத்தான் பணத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது நான் விலை கொடுத்துக் கற்றது. பேசி முடித்த விலை 4,40,000. பத்தாயிரம் முன்பணம், தடையில்லாச் சான்று கிடைக்காவிட்டால் திருப்பித் தருவதாக ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு. பொள்ளாச்சி ஆர்.டி. அலுவலகம் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று கொடுத்த பிறகு, வங்கி வழியாக 3,90,000. மீதி நாற்பதாயிரம், என் பெயரில் கேரள ஆர்.சி. வந்த பிறகு. கடைக்காரருக்கு முதலில் பிடிக்கவில்லை. இப்படி யாரும் கேட்டதில்லை அக்கா என்றார். பழைய வண்டிக் கதையைச் சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, முத்திரைத்தாள் எடுத்து வரப் பையனை அனுப்பினார். அவரைப் போன்றவர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். கேட்டால்தான் யார் அப்படி என்பது தெரியும்.

எங்கள் அலுவலகம் சித்தூர். ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர், கே.எல். 70. வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் மறுபதிவு வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு சொல்வதைப் பிடித்துக்கொண்டு, தமிழ்நாட்டு எண்ணிலேயே ஓட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் வீதிக்கு நான்கு பேர். அந்தப் பன்னிரண்டு மாதம் பதிவெண்ணுக்கு மட்டும்தான். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்ற முப்பது நாளில் விண்ணப்பிக்க வேண்டும்; வரி அதற்கும் வேறு கணக்கு. கேரள வரி, வண்டியின் முதல் விலையையும் வயதையும் வைத்துப் போடப்படுகிறது. எங்களுக்கு ஐந்து இலக்கத்தில் வந்தது. பேரம் பேசுவதற்கு முன்பே இதைக் கேட்டு வைத்திருந்ததால், 4,40,000 என்பது எங்கள் கணக்கில் ஒருபோதும் 4,40,000 ஆக இருக்கவில்லை. தமிழ்நாட்டு வண்டி மலிவு என்று சொல்கிறவர்கள் இந்த வரியையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

காப்பீட்டில் பலரும் ஏமாறுவது ஒன்று உண்டு. பழைய உரிமையாளர் இழப்பீடு கோராததால் பெற்ற போனஸ் தள்ளுபடி அவருடையது, வண்டியோடு வராது. பதினான்கு நாளுக்குள் காப்பீட்டைப் பெயர் மாற்ற வேண்டும், அந்தத் தள்ளுபடித் தொகையை நாம் கட்ட வேண்டும். பாஸ்டேக் வில்லையைப் பழைய உரிமையாளர் மூடாவிட்டால் நமக்குப் புதிது கிடைக்காது; வாளையாறு வழியாகப் போனால் பாம்பாம்பள்ளம் சுங்கச்சாவடியில் அவர் கணக்கிலிருந்து பணம் போகும். ஒப்படைப்புச் சீட்டில் தேதியோடு மணியையும் எழுதச் சொல்லுங்கள். அதற்கு முந்திய அபராதம் அவர்களுடையது, பிந்தியது உங்களுடையது.

ஜனவரி இறுதியில் கே.எல். 70 ஆர்.சி. வந்தது. அன்று மாலையே பொள்ளாச்சிக்குப் போய் நாற்பதாயிரத்தையும் கொடுத்துவிட்டு வந்தோம்.

வெள்ளத்து வண்டியை என்ன செய்தீர்கள் என்று பலர் கேட்டார்கள். ஒயர்களை மாற்றியும் அது சரியாகவில்லை. கொட்டகையிலேயே கிடந்தது. 2021-இல் ஒரு புரோக்கர் வந்து, பாலிஷ் போட்டுத் தெற்கே அனுப்பிவிடலாம், 1,60,000 தருகிறேன் என்றார். என் கணவருக்குக்கூடச் சற்று ஆசை வந்தது. எனக்குப் புளியமரத்தடியும், ஆட்டோவில் ஏறும்போது அம்மா திரும்பிப் பார்த்த பார்வையும் நினைவுக்கு வந்தன. இன்னொரு வீட்டு அம்மாவை அதில் ஏற்ற என்னால் முடியாது. பாகங்களாகப் பிரித்துப் பழைய இரும்புக்கு 45,000 ரூபாய்க்குக் கொடுத்தோம். சேசிஸ் எண் பொறித்த தகட்டைத் தனியாக வெட்டி வாங்கி, 55-ஆவது பிரிவின்படி பதிவை ரத்து செய்ய சித்தூர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த எண் வேறு எந்த வண்டியின் மேலும் ஏறிவிடக் கூடாது அல்லவா?

ரத்தான உத்தரவின் நகலை ஆலுவா முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. கையெழுத்துக்குக் கீழே, நடுங்கும் எழுத்தில், மலையாளத்தில் 'சந்தோஷம்' என்று எழுதியிருந்தார்.